மந்தி எலும்பில் அம்பு செய்தவர்கள்

இலங்கைக்குப் போகிறவர்கள் கண்டி, சிகிரியா, நுவரெலியா என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். எல்லாம் அருமையான ஊர்கள்தான். ஆனால் என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலின் தலையில் ஒரு பெயரை எழுதுவேன்: பாஹியங்கல. களுத்துறை மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்களைத் தாண்டிப் போனால் வரும் ஒரு மலைக்குகை. ஆய்வாளர்கள் இதை ஃபாஹியன் லெனா என்று எழுதுவார்கள். சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே மனிதர்கள் குடியிருந்தார்கள். உங்களையும் என்னையும் போன்ற மனிதர்கள். தெற்காசியாவில் இதுவரை கிடைத்திருக்கும் நவீன மனித எலும்புகளில் மிகப் பழையவை இந்தக் குகை மண்ணுக்குள்தான் இருந்தன. அந்த மண்ணைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். இன்னும் அந்தப் பரவசம் அடங்கவில்லை. அடங்க வேண்டாம் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

மனிதன் எங்கே தோன்றினான், எப்படிப் பரவினான் என்ற கதை எனக்கு நெடுநாள் பித்து. 1987-இல் ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் மூவரும் தாய்வழியாக மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவை ஒப்பிட்டார்கள். இன்று உயிரோடு இருக்கும் எல்லா மனிதர்களின் தாய்வழியும் ஆப்பிரிக்காவில் போய் முடிகிறது என்று காட்டினார்கள். அதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகத்தில் எத்தனை நிறம், எத்தனை மொழி, எத்தனை சண்டை! அத்தனைக்கும் அடியில் ஒரே குடும்பம்.

அதற்குப் பிறகு வந்த கண்டுபிடிப்புகள் ஒன்றைவிட ஒன்று அபாரம். மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் 1961-இல் சுரங்கத் தொழிலாளிகள் ஒரு மண்டை ஓட்டைக் கண்டெடுத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து ஜான் ஜாக் உப்ளான் குழுவினர் அங்கே மீண்டும் தோண்டினார்கள். 2017-இல் அவர்கள் சொன்ன வயது சுமார் 3 லட்சம் ஆண்டு. முகம் கிட்டத்தட்ட நம் முகம். மண்டை மட்டும் இன்னும் உருண்டு வராமல் நீண்டிருந்தது. எத்தியோப்பியாவின் ஓமோ கிபிஷில் 1967-இல் கிடைத்த எலும்புகளுக்கு, அவற்றின் மேல் படிந்திருந்த எரிமலைச் சாம்பலை வைத்து 2022-இல் குறைந்தது 2,30,000 ஆண்டு என்று வயது கணித்தார்கள். மொராக்கோ ஒரு மூலை, எத்தியோப்பியா இன்னொரு மூலை. ஆகவே நாம் ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் ஒரே நாளில் பிறந்துவிடவில்லை. ஆப்பிரிக்கா முழுவதும் சிதறி, பிரிந்து, மறுபடி கலந்து, மெல்ல மெல்ல நாமானோம். எவ்வளவு அழகான பிறப்பு!

வெளியே கிளம்பியதும் ஒரே மூச்சில் அல்ல. இஸ்ரேலின் மிஸ்லியா குகையில் கிடைத்த மேல் தாடைக்கு வயது ஏறத்தாழ 1,80,000 ஆண்டு. அதே நாட்டின் ஸ்கூல், கஃப்சே குகைகளில் 1,20,000 முதல் 90,000 ஆண்டு வரை பழைமையான புதைகுழிகள் இருக்கின்றன. சவூதியின் நஃபூத் பாலைவனத்தில், அது பசுமையாக ஏரிகளோடு இருந்த காலத்தில், ஒரு மனிதர் விட்டுப்போன விரல் எலும்பு ஒன்று கிடைத்தது. அதற்குக் கிட்டத்தட்ட 85,000 வயது. இப்படி முன்னால் போனவர்களின் வம்சம் பெரும்பாலும் நிலைக்கவில்லை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே இன்று வாழ்கிறவர்களின் வேர் முக்கியமாக 60,000 முதல் 50,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த பெரும்பரவலில் இருக்கிறது. அந்தப் பயணத்தில் அவர்கள் நியாண்டர்தால் என்ற வேறொரு மனித இனத்தைச் சந்தித்துக் கலந்தார்கள். அதன் அடையாளமாக அவர்களுடைய வழித்தோன்றல்களின் மரபணுவில் சுமார் 2 சதவீதம் நியாண்டர்தால் பங்கு இன்றும் இருக்கிறது. 2010-இல் இதை நிறுவிய ஸ்வாந்தே பாபோவுக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது. தகுதியான பரிசு என்றால் அதுதான்.

இனிமேல்தான் நம் குகைக்கு வேலை வருகிறது. இந்தப் பெரும்பரவலைப் பற்றி நெடுங்காலம் ஒரு நினைப்பு இருந்தது. மனிதன் புல்வெளியில் வளர்ந்தவன், பெரிய மிருகங்களை வேட்டையாடியவன், ஆகவே புல்வெளி வழியாகவோ கடற்கரை ஓரமாகவோதான் பரவியிருப்பான். மழைக்காடு அவனுக்குத் தடைச்சுவர். காரணங்களும் சொன்னார்கள். அடர்ந்த காட்டில் மாவுச்சத்து கிடைப்பது அரிது. கொழுத்த பெரிய மிருகங்கள் குறைவு. இருக்கும் மிருகங்களோ மர உச்சியில். பயிர்ச்செய்கை தெரிந்த பிறகுதான் மனிதனால் அங்கே நிலையாக வாழ முடிந்திருக்கும் என்று 1980-களில் பெரிய அறிஞர்களே எழுதினார்கள். அந்த நினைப்பை அடியோடு புரட்டிப்போட்ட இடங்களில் முதல் வரிசையில் நிற்பவை இலங்கையின் ஈரவலயக் குகைகள்: பாஹியங்கல, குருவிட்ட பக்கத்திலுள்ள பட்டதொம்பலென, கித்துல்கல பெலிலென. சின்னத் தீவு; ஆனால் உலகத்துக்கே பாடம் சொன்ன தீவு.

கொழும்பிலிருந்து ஹொரணை வழியாகப் புளத்சிங்கள போனேன். அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். எனக்கு ஆட்டோ ஓட்டிய தம்பி மலையகத் தமிழ்ப் பிள்ளை. அவருடைய அம்மா அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்பவர். வழி நெடுக எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவரிடம் கொட்டிக்கொண்டே போனேன். கடல்மட்டம் தாழ்ந்திருந்த அந்தக் காலத்தில் இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலமாக இருந்தன, பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், மட்டம் கொஞ்சம் இறங்கினாலே தரை தட்டிவிடும், ஆகவே இந்தக் குகைக்கு முதலில் வந்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாகவே வந்திருக்கலாம் என்றேன். அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப கப்பலே வேணாமாண்ணே?”

“வேணாம் தம்பி. நடந்தே வரலாம்.”

“எங்க தாத்தாவோட அப்பாவெல்லாம் தோணியில வந்து, அப்புறம் காட்டு வழியா நடந்துதான் தோட்டத்துக்கு வந்தாங்களாம். அவங்களுக்கு முன்னாடியே இத்தனை பேரு நடந்துருக்காங்களா!”

அந்தத் தம்பியின் கண்ணில் தெரிந்த வியப்பைப் பார்த்தபோது, இந்தக் கதையை ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

படிக்கட்டு ஏறி மேலே போனால், பாறை வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. ஆசியாவிலேயே பெரிய இயற்கைக் குகைகளில் இதுவும் ஒன்று என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். பெருமைக்குக் காரணம் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. குகைக்குள் ஒரு சொட்டு விழவில்லை. சீன யாத்திரிகர் ஃபாஹியன் இங்கே தங்கினார் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. குகைக்குப் பெயரும் அவரால்தான். இப்போது உள்ளே பௌத்த விகாரை, சயனப் புத்தர் சிலை, விளக்கு, பூ. இந்தக் குகை ஒருநாளும் வெறுமனே கிடந்ததில்லையோ என்று தோன்றும்படி இருக்கிறது. 48,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 4,000 ஆண்டுகளுக்கு முன்வரை, நடுவில் இடைவெளிகள் விட்டு, மனிதர்கள் இங்கே திரும்பத் திரும்ப வந்து வாழ்ந்திருக்கிறார்கள். நல்ல வீடு என்றால் மனிதர்கள் விடுவார்களா?

இந்தக் குகையை உலகம் அறியச் செய்த பெருமகன் சிரான் தெரணியகல. 1968-இல் இங்கே முதல் அகழாய்வு செய்தவர் அவர். பின்னாளில் இலங்கைத் தொல்லியல் திணைக்களத்தின் தலைமை இயக்குநரானார். 1992-இல் வெளிவந்த அவருடைய இலங்கை வரலாற்றுக்கு முந்தைய காலம் பற்றிய பெருநூல் இன்றும் இந்தத் துறைக்கு அடிப்படை. 2021-இல் மறைந்தார். அவர் போட்ட அடித்தளத்தின் மேல் ஓஷான் வெடகே போன்ற அடுத்த தலைமுறை இலங்கை ஆய்வாளர்கள் 2009 முதல் மறுபடி தோண்டினார்கள். மண்ணைப் படிவு படிவாக எடுத்தார்கள். ஒவ்வொரு படிவிலும் கிடைத்த கரியைக் கதிரியக்கக் கார்பன் முறையில் கணித்தார்கள். அதற்கு முன் 38,000 ஆண்டு என்று சொல்லப்பட்டுவந்த குகையின் வயது ஒரேயடியாகப் பத்தாயிரம் ஆண்டு பின்னால் போனது. பொறுமைக்குக் கிடைத்த பரிசு அது.

அந்த மண்ணில் என்ன கிடைத்தது தெரியுமா? எலும்புகள், குவியல் குவியலாக. இனம் காணப்பட்ட விலங்கெலும்புகளில் 70 சதவீதத்துக்கும் மேல் மரத்தில் வாழும் குரங்குகளும் அணில்களும். ஊதாமுக மந்தி, சாம்பல் மந்தி, செங்குரங்கு, மலையணில். மலையணில் என்றால் நமக்கு அந்நியமானதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயத்தில் நாம் காப்பாற்றிவைத்திருக்கிறோமே, அந்தச் சாம்பல் நிற மலையணிலின் இனம்தான். யானை இல்லை, காட்டெருமைக் கூட்டம் இல்லை. பெரிய மிருகத்தைத் துரத்தியவன் என்று பேரெடுத்த மனிதன் இங்கே அணிலுக்குக் குறி வைத்திருக்கிறான்!

அதை எளிதான வேட்டை என்று நினைத்துவிடாதீர்கள். நான் குகை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது மேலே இலைகள் அசைந்தன. ஒரு மந்திக் கூட்டம். ஒரு வால் தெரிந்தது, ஒரு முகம் தெரிந்தது, மறு நொடி எதுவுமில்லை. ஆட்டோத் தம்பி சிரித்தார். “அதுங்க மேலேயே இருக்கும்ணே. கீழ எறங்கவே எறங்காது. நீங்க பாக்குறதுக்குள்ள அடுத்த மரத்துக்குப் போயிரும்.” தூரநோக்கி கையில் இருந்தும் என்னால் ஒன்றைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. இதைத்தான் அவர்கள் அன்றாட உணவாக்கிக்கொண்டார்கள். எந்த மரம் எப்போது பழுக்கும், எந்தக் கூட்டம் எங்கே படுக்கும், காலையில் எந்தக் கிளை வழியாக இறங்கும் என்று தெரியாமல் இது நடக்காது. காட்டை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். எனக்குப் பேச்சே எழவில்லை.

எதை வைத்து அடித்தார்கள்? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் என்னை முழுதாக ஆட்கொண்டது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷெல் லாங்லி, வெடகே உள்ளிட்ட குழுவினரோடு சேர்ந்து, இந்தக் குகையின் எலும்புக் கருவிகளை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டார். கூராக்கப்பட்ட எலும்பு முனைகள் மட்டும் 130. நுனிகளில் வேகமாகப் போய் மோதியதால் உண்டான நுண்ணிய முறிவுகள். ஈட்டி முனையாக இருக்க மிகச் சிறியவை. ஊதுகுழலில் வைத்து ஊதும் அம்பாக இருக்கக் கனமும் அதிகம், நீளமும் போதாது. ஆகவே வில்லில் ஏற்றிய அம்பு! ஆப்பிரிக்காவில் இதைவிடப் பழைய அம்புச் சான்றுகள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் 60,000 ஆண்டுக்கும் மேற்பட்டது இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுரை வெளிவந்தபோது ஆப்பிரிக்காவுக்கு வெளியே இவ்வளவு பழைய வில்லம்புச் சான்று வேறெங்கும் இருக்கவில்லை. அதுவும் ஐரோப்பாவின் புகழ்பெற்ற குகைகளில் அல்ல, நம் பக்கத்துத் தீவின் மழைக்காட்டில்!

இன்னும் கேளுங்கள். இந்த அம்பு முனைகளில் பலவற்றை அவர்கள் செய்தது குரங்கெலும்பிலிருந்துதான். நேற்று சாப்பிட்ட மந்தியின் கால் எலும்பு நாளைக்கு அடுத்த மந்திக்கான அம்பு. ஒன்றையும் வீணாக்கவில்லை. இவை தவிர, தோலையோ நாரையோ பதப்படுத்தவும் தைக்கவும் உதவியிருக்கக்கூடிய 29 எலும்புக் கருவிகள் கிடைத்தன. துணி என்றாலே குளிருக்குத்தான் என்று நினைக்கிறோம். இங்கே குளிர் ஏது? கொசுவிடமிருந்தும் பூச்சியிடமிருந்தும் காத்துக்கொள்ள உடுத்தியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். புளத்சிங்களக் கொசுக்களிடம் ஒரு மாலைப் பொழுதைக் கழித்தவன் என்ற முறையில் இந்தக் கருத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

வயிறு நிரம்பியதும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. அழகு தேடினார்கள். கடற்சங்கின் கூம்பு நுனியை வெட்டித் துளையிட்டு மணி செய்தார்கள். கடலோ எட்ட இருக்கிறது. ஒன்று இவர்கள் கடற்கரைக்கு நடந்திருக்க வேண்டும், அல்லது கடற்கரைக்காரர்களோடு கொடுக்கல் வாங்கல் இருந்திருக்க வேண்டும். காவிக்கல்லில் செய்த மணிகளும் கிடைத்தன. சிவப்பு, மஞ்சள் நிறக் கற்பொடிகளும். தென்னாப்பிரிக்காவின் ப்ளோம்போஸ் குகையில் 75,000 ஆண்டுகளுக்கு முந்தைய சிப்பி மணிகளும் கோடு கீறிய காவிக்கல்லும் இருக்கின்றன. கண்டம் மாறியிருக்கிறது, காடு மாறியிருக்கிறது, உணவு மாறியிருக்கிறது. கழுத்தில் எதையாவது கோத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும் மாறவில்லை. அங்கேதான் அவர்கள் நம் சொந்தக்காரர்கள் என்று எனக்கு உறைத்தது.

காட்டுக்கு எப்போதாவது வந்துபோனவர்களாக இருக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பல் பதில் சொல்லிவிட்டது. பேட்ரிக் ராபர்ட்ஸ் குழுவினர் இலங்கைக் குகைகளில் கிடைத்த 26 பழங்கால மனிதர்களின் பற்களை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். அடர்காட்டு நிழலில் வளரும் செடியில் ஒருவகைக் கார்பன் குறைவாக இருக்கும். வெயிலில் வளரும் புல்லில் அதிகம். அந்தச் செடியைத் தின்ற விலங்கு, விலங்கைத் தின்ற மனிதன் என்று அந்த அளவு வழிவழியாக வந்து, சிறுவயதில் பல் எனாமல் உருவாகும்போது அதில் நிலைத்துவிடும். எத்தனை ஆயிரம் ஆண்டு ஆனாலும் அழியாது. 20,000 ஆண்டு பழைய பற்களிலிருந்து கிட்டத்தட்ட எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லின: சோறு போட்டது காடு. பக்கத்தில் திறந்த புல்வெளி இருந்த காலத்திலும் அவர்கள் காட்டையே நம்பினார்கள். ஒரு பல்லுக்குள் ஒருவருடைய பிள்ளைப்பருவச் சாப்பாடு எழுதிவைக்கப்பட்டிருக்கிறது! இதைக் கண்டுபிடித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். அங்கே வரலாற்றுக்கு முந்தைய காலப் பிரிவில் கண்ணாடிக்குப் பின்னால் சின்னச் சின்னக் கற்கள். அவசரத்தில் போகிறவர் கண்ணில் படாது. நான் கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி நின்று பார்த்தேன். வெள்ளைப் படிகக்கல், விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஒரு விளிம்பு கண்ணாடிச் சில்லு போலக் கூர்மை, விளக்கு வெளிச்சம் அதில் ஊடுருவித் தெரிகிறது. எதிர் விளிம்பு மட்டும், கையில் அறுக்காமல் இருக்கவோ கம்பில் பொருத்தவோ, பொடிப்பொடியாகக் கொத்தி மழுக்கப்பட்டிருக்கிறது. படிகக்கல் சொன்னபடி கேட்கிற கல் அல்ல. தட்டினால் கண்டபடி உடையும். ஆகவே கல்லைக் கீழே ஒரு கல்மேல் வைத்து, மேலிருந்து தட்டிச் சில்லெடுத்தார்கள். கிடைக்கிற கல்லுக்கு ஏற்ற தொழில்நுட்பம். நுண்கற்கருவி என்று நாம் சொல்லும் இந்த வகை பாஹியங்கலவில் சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இருக்கிறது. அங்கிருந்து நகர எனக்கு மனமே வரவில்லை.

எல்லாவற்றையும்விட என் மனத்தைத் தொட்டது ஒன்று உண்டு. அவர்கள் வேட்டையாடிய குரங்குகளில் பெரும்பாலானவை நன்கு வளர்ந்தவை. குட்டிகளையும் இளசுகளையும் கண்டபடி அழிக்கவில்லை. அதனால்தான் பல்லாயிரம் ஆண்டுகள் வேட்டையாடியும் அந்த இனங்கள் அற்றுப்போகவில்லை. அவர்கள் சாப்பிட்ட அதே மந்தியின் வம்சத்தைத்தான் நான் குகை வாசலில் பார்த்தேன். காட்டுக் கொட்டைகளையும் மரநத்தைகளையும் ஓடை நத்தைகளையும் மாற்றி மாற்றி உண்டிருக்கிறார்கள். ஒன்றையே நம்பி அதைத் தீர்த்துவிடவில்லை. நாமோ ஊதாமுக மந்தியை ஒரு நூற்றாண்டுக்குள் காடழித்தே அழிவின் விளிம்புக்குத் தள்ளியிருக்கிறோம். அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

இலங்கை மட்டுமல்ல, உலகமெங்கும் இதே சேதி வந்துகொண்டிருக்கிறது. ஐவரி கோஸ்ட் நாட்டின் மழைக்காட்டில் 1,50,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் வாழ்ந்ததை 2025-இல் வெளியான ஆய்வு காட்டியது. போர்னியோவின் நியா குகையில் மழைக்காட்டு மனிதர்கள். ஆஸ்திரேலியாவின் மஜெட்பெபே பாறை ஒதுங்கிடம் 65,000 ஆண்டு என்கிறார்கள். அங்கே போகக் கடலைத் தாண்டியே ஆக வேண்டும். பாலைவனமோ பனிமலையோ கடலோ காடோ, போன இடத்தைக் கற்றுக்கொண்டு அந்த இடத்துக்காரனாகவே ஆகிவிடுவதுதான் மனிதனின் தனித்திறமை. வேறெந்த மனித இனமும் இவ்வளவு விதவிதமான நிலங்களில் இப்படிக் கால் ஊன்றவில்லை.

அந்தப் பெரும் நடையின் தடம் நம் ஊரிலும் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இராமசாமி பிச்சப்பன், மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸோடு சேர்ந்து செய்த ஆய்வில், மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் எம்130 என்ற மிகப் பழைய தந்தைவழி மரபணு அடையாளத்தைக் கண்டார். அதே அடையாளம் ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் உண்டு. தென்னாட்டின் வழியாக நடந்தவர்களில் சிலர் இங்கேயே தங்கினார்கள், சிலர் மேலே போனார்கள். நாம் எல்லோரும் அந்த நடையின் பிள்ளைகள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். போங்கள். முதலில் கொழும்பு அருங்காட்சியகத்தில் கற்களைப் பாருங்கள், பிறகு பாஹியங்கல போங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். கையில் ஒரு தூரநோக்கி இருக்கட்டும். அது வழிபாட்டுத் தலம். செருப்பைக் கழற்றி, சத்தமில்லாமல் நடங்கள். அகழாய்வு நடந்த மண்ணில் கால் வைக்காதீர்கள், ஒரு சிறு கல்லையும் எடுத்து வராதீர்கள். அடுத்த தலைமுறை ஆய்வாளர்களுக்கு அந்த மண் இன்னும் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபுரம் கட்டியவர்களையும் கோட்டை கட்டியவர்களையும் நாம் போதுமான அளவு கொண்டாடிவிட்டோம். குரங்கெலும்பில் அம்பு செய்து, சங்கில் மணி கோத்து, காட்டை அழிக்காமல் அதற்குள் வாழ்ந்து காட்டிய இந்த முன்னோர்களுக்கும் அந்தக் கொண்டாட்டத்தில் முதல் வரிசையில் இடம் கொடுக்க வேண்டும்.